விழாமல் போன கூரை

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநர் திரு. கேசவ் அவர்களே, இந்த ஆலயக் கூடத்தை நமக்காகத் திறந்துவைத்த சபைப் பெரியவர்களே, வைட்ஃபீல்டிலிருந்து அத்தனை நெரிசலையும் கடந்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு நேரத்தோடு வந்து சேர்ந்திருக்கும் என் சக பொறியாளர்களே, எல்லோருக்கும் மேலாக, முதல் வரிசையில் பக்கத்து நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் அமர்ந்திருக்கும் ஹெர்பர்ட் சார் அவர்களே, கனத்த மனதோடு உங்கள் முன் நிற்கிறேன்.

என் பெயர் சந்திரசேகரன். தொம்மலூர்க்காரன். எங்கள் தெருப் பொங்கல் விழா மேடைகளில் பேசிப் பேசித் தொண்டையை வளர்த்தவன். மலை சாய்ந்துவிட்டது, விளக்கு அணைந்துவிட்டது என்று ஆரம்பித்தால்தான் எனக்குப் பேச்சே வரும். இன்று அப்படி ஆரம்பிக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை? நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோமோ அந்த முனைவர் ஹெலன் ஹெர்பர்ட் அவர்கள் உயிரோடு இருந்தால், மூன்றாவது வரிசையிலிருந்து மெதுவாகக் கையைத் தூக்கி, "எந்த மலை சார்?" என்று கேட்டிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கூரையோ, பாலமோ, கொதிகலனோ கட்டப்படுவதற்கு முன்னால், அது தாங்குமா தாங்காதா என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் நிறுவனத்தின் தொழில். வேலையைக் கொண்டு வருவதும், சொன்ன தேதியில் முடித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. அந்தக் கணக்கை நம்பலாமா என்று பார்ப்பது சரிபார்ப்புப் பிரிவின் தலைவரான ஹெலன் அம்மையாரின் பொறுப்பு. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள்கூட வெளியே போகாது. நான் தேதி தேதி என்று அலைபவன். அவர் 'இன்னும் ஒரு தடவை பார்க்கலாம்' என்று உட்காருபவர். எங்கள் இருவருக்கும் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். எலிக்கும் பூனைக்கும் இருப்பதுதான் இருந்தது. அதில் எலி நான்தான்.

அவர் மறைந்து ஒரு மாதம் ஆகிறது. அன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்த பிறகு, அவர் கணவர் ஹெர்பர்ட் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு பள்ளியில் இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குரலை உயர்த்தியே பேசத் தெரியாதவர். அவர் என்னிடம் சொன்னதை, அவர் அனுமதியோடு, அப்படியே இங்கே சொல்கிறேன்.

"சேகர் சார், அவ ஆபீஸ்ல வேணாம் வேணாம்னு சொல்லி எத்தனையோ பேர்கிட்ட கெட்ட பேர் வாங்கினா. வீட்டுக்கு வந்து என் முன்னாடி உக்காந்து அழுவா. 'நான் சொல்றது தப்போ, எல்லாரையும் சும்னே, காரணமில்லாம கஷ்டப்படுத்துறேனோ'ன்னு கேப்பா. எனக்கு உங்க கணக்கு ஒண்ணும் புரியாது. நான் என்ன சொல்லுவேன்? நீ சரிதான்மான்னு சொல்லுவேன். அவ நம்பமாட்டா. உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. இப்ப நான் உங்களைக் கேக்குறேன். அவ வேணாம்னு நிறுத்தினதுல, ஒண்ணே ஒண்ணாவது, நிஜமாவே விழுந்திருக்குமா? நூறு வேணாம் சார். ஒண்ணு உண்மைன்னா போதும்."

அவையோரே, அந்த அம்மையார் அழுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எங்கள் கூட்ட அறையில் அவர் இரும்பாக உட்கார்ந்திருப்பார். எத்தனை பேர் எத்தனை விதமாகக் கத்தினாலும் முகத்தில் ஒரு மாற்றம் தெரியாது. அந்த இரும்பு வீட்டுக்குப் போய்க் கரைந்திருக்கிறது. ஹெர்பர்ட் சாரின் கேள்விக்கு அன்றே நான் ஒரு பதிலைச் சொல்லியிருக்கலாம். ஆயிரம் உயிர்களைக் காப்பாற்றினார் சார் என்று வாய்கூசாமல் சொல்லக்கூடியவன் நான். ஆனால் அந்தக் கேள்வி ஹெலன் அம்மையார் கேட்ட கேள்வி. அவர் கேள்விக்கு வாய்ப்பந்தலில் பதில் சொல்ல முடியுமா?

யோசித்துப் பாருங்கள். ஒரு மருத்துவர் நோயைக் குணப்படுத்தினால், பிழைத்தவர் எழுந்து வந்து நன்றி சொல்வார். தீயணைப்பு வீரர் அணைத்த நெருப்பை ஊரே பார்க்கிறது. சரிபார்க்கிறவர் செய்த வேலைக்கு என்ன சாட்சி இருக்கிறது? ஒரு கூரை விழவில்லை. அவ்வளவுதான். அது அவர் பார்த்ததால் விழவில்லையா, பார்க்காமல் விட்டிருந்தாலும் விழுந்திருக்காதா? யார் சொல்வது? விழாத கூரையின் கீழே நின்றுகொண்டு யாரும் யாருக்கும் மாலை போடுவதில்லை.

இன்று நான் இங்கே பேச வந்தது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான். அதற்கு முன், அவர் எப்படி வேலை செய்தார் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். ஹெலன் அம்மையார் கோலார் தங்க வயலில் பிறந்தவர். அதை வைத்து நான் அழகாக ஒரு பத்தி தயாரித்திருந்தேன். அப்பா ஆழமான சுரங்கத்தில் இறங்கினார், கயிற்றின் உறுதியை நம்பி உயிர் வாழ்ந்தார், அந்த எச்சரிக்கை மகளின் இரத்தத்தில் ஊறியது என்று போகும் அந்தப் பத்தி. நேற்று தொலைபேசியில் ஹெர்பர்ட் சாரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "சார், மாமா சுரங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட். ஒரு தடவைகூட உள்ளே இறங்கினதில்லை. இருட்டுன்னா அவருக்குப் பயம்" என்றார். ஆகவே அந்தப் பத்தியை அடித்துவிட்டேன். எவ்வளவு நல்ல பத்தி! போய்விட்டது.

அவர் எங்கள் அலுவலகத்தில் கொண்டுவந்த பழக்கம் ஒன்று உண்டு. கணினியை முடுக்குவதற்கு முன், அந்த வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் விடை என்னவாக இருக்கும் என்று தாங்கள் நினைப்பதைச் சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில், பெயர் போட்டு எழுத வேண்டும். "முதல்ல மனசுல ஒரு விடை இருக்கணும். அப்புறம்தான் மெஷினைக் கேக்கணும். இல்லேன்னா அது என்ன சொன்னாலும் தலையாட்டுவோம்" என்பார். அதிலும் ஒற்றை எண்ணாக எழுதக்கூடாது. இதிலிருந்து இதுவரை என்று எழுத வேண்டும். ஒற்றை எண் எழுதுபவர்களைப் பார்த்து, "ஜோசியமா சொல்றீங்க?" என்று கேட்பார். விடை வந்த பிறகு, தவறாக எழுதியவர் தன் கையாலேயே தன் வரியை அடிக்க வேண்டும். அடுத்தவர் அடிக்கக்கூடாது. இது ஒரு சின்னப் பழக்கம்தான். ஆனால் தன் தவறைத் தானே கோடு போட்டு அடித்த ஒருவன், அடுத்த முறை கணினி காட்டும் வண்ணப் படத்தைப் பார்த்தவுடன் மயங்கிவிட மாட்டான்.

ஒருமுறை நான் பொறுமை இழந்து சொன்னேன். "மேடம், ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். ஒரு இடத்துல பாத்தாச்சு, சரியா இருக்கு. போதாதா?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "நீங்க மேல இருந்து ஒரு சோறு எடுக்குறீங்க சார். அடி பிடிச்சிருந்தா அந்த ஒரு சோறு சொல்லுமா?" அன்றிலிருந்து அந்தப் பழமொழியை நான் மேடையில்கூடச் சொல்வதில்லை.

அவர் எப்போதும் சரியாக இருந்தாரா? இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நீரேற்று இயந்திரத்தின் தாங்கி வேலையை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தார். அதிர்வு கூடுகிறது என்று அவருக்குச் சந்தேகம். கடைசியில் இயந்திரத்தை ஓட்டி அளந்து பார்த்தபோது ஒன்றுமே இல்லை. வாடிக்கையாளர் என்னைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். மறுநாள் ஹெலன் அம்மையார் பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் பப்ஸ் வாங்கி வந்தார். ஒவ்வொருவர் மேசைக்கும் தானே போய் வைத்து, "இந்த தடவை நான் தப்பு. சாரி" என்று சொன்னார். என் மேசையில் இரண்டு வைத்தார். நான் அதிகம் கத்தியதற்காக இருக்கலாம்.

இப்போது அந்தக் கூரைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வைட்ஃபீல்டைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் மதியச் சாப்பாடு சாப்பிடும் திறந்தவெளிக்கு வளைவான இரும்புக் கூரை போட முடிவு செய்தார்கள். தூண்கள் இல்லாமல், தரையில் இருந்து எழும்பி வளைந்து மறுபக்கத் தரையில் இறங்கும் குழாய் வளைவுகள், அவற்றின் மேல் தகடு. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் முடிய வேண்டும். வேலையை நான்தான் வாங்கி வந்தேன். கணக்குப் போட்டவர் அபினவ். அதோ, தூண் பக்கத்தில் நிற்கிறார். இன்று எங்கள் மூத்த பொறியாளர். அன்று வேலைக்குச் சேர்ந்த புதிது.

கூரையின் இடது பாதியும் வலது பாதியும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? ஆகவே அபினவ் பாதியை மட்டும் கணினியில் வரைந்தார். மறுபாதி கண்ணாடியில் தெரிவதுபோல அதையேதான் செய்யும் என்று கணினியிடம் சொல்லிவிட்டார். இது குறுக்கு வழி அல்ல. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். கணினியில் ஒரு பொருளைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டித்தான் கணக்குப் போடுவோம். அபினவ் அந்தக் கட்டங்களைப் பொடியாக்கிப் பார்த்தார். விடை மாறவில்லை. இன்னும் பொடியாக்கினார். அப்போதும் மாறவில்லை. கூரை தாராளமாகத் தாங்கும் என்று வந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

பலகையில் ஹெலன் அம்மையார் எழுதியிருந்த வரி மட்டும் எங்கேயோ கீழே கிடந்தது. அவர் முன்கூட்டியே எழுதிய எல்லை, கணினி பிறகு சொன்னதில் பாதியைச் சுற்றித்தான் இருந்தது. எல்லோரும் அவர் தன் வரியை அடிப்பதற்காகக் காத்திருந்தோம். அவர் அடிக்கவில்லை. அபினவைப் பார்த்து, "மீதிப் பாதி எங்கப்பா?" என்று கேட்டார்.

"மேடம், ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். அதான் பாதி போட்டேன்."

"கூரை ரெண்டு பக்கமும் ஒண்ணு. அது சாயும்போதும் ரெண்டு பக்கமும் ஒண்ணா சாயும்னு உனக்கு யார் சொன்னா?"

மேசையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை எடுத்தார். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து வில்லாக வளைத்தார். "நடுவுல நேரா அமுக்கு" என்றார். அபினவ் ஒரு விரலால் அமுக்கினார். நேராகத்தான் அமுக்கினார். ஆனால் அந்த அடிக்கோல் நேராக இறங்கவில்லை. ஒரு பக்கம் கீழே போனது, மறுபக்கம் மேலே எழும்பியது, மொத்தமாகப் பக்கவாட்டில் சரிந்தது. "பாதியை மட்டும் வரைஞ்சு, மறுபாதியும் இதேதான் செய்யணும்னு நீ கட்டிப்போட்டுட்ட. அதுக்குப் பக்கவாட்டுல சாயறதுக்கு அனுமதியே இல்லை. அப்புறம் எப்படி சாயும்?" என்றார்.

அவையோரே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். அபினவ் போட்ட கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. கூட்டல், கழித்தல் எல்லாம் சுத்தம். கணக்கைச் சரியாகப் போட்டோமா என்பது ஒரு கேள்வி. போட்ட கணக்கு நிஜத்தில் நடப்பதைச் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கணினிக்குள்ளேயே பதில் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்விக்கு அங்கே பதில் கிடையாது. வெளியே வந்து இரும்பை நிறுத்தி, மணலை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்?

முழுக் கூரையையும் வரைந்து மறுபடி கணக்குப் போட்டார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. அதோடு முடிந்ததா? முடியவில்லை. பள்ளியின் ஆலோசகர் ஒருவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். "அதுவும் கம்ப்யூட்டர் சொன்னது, இதுவும் கம்ப்யூட்டர் சொன்னது. இதை மட்டும் ஏன் நம்பணும்?" என்றார். நானும் அவர் பக்கம்தான் பேசினேன். தேதி என் கழுத்தில் கத்தியாக இருந்தது. ஹெலன் அம்மையார் சொன்னார்: "அவர் கேக்குறது நியாயம்தான். என்னையும் நம்ப வேணாம். சின்னதா ஒரு வளைவு செஞ்சு, மூட்டை ஏத்திப் பாத்துடலாம்."

அதற்கு நேரம் இல்லை. கேசவ் சார், நீங்கள் அன்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, மன்னிக்க வேண்டும். "ஹெலன் மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமா, கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமா?" என்றீர்கள். அதற்கு அவர் சொன்ன பதில் எங்கள் அலுவலகத்தில் இன்றும் உலவுகிறது. "பஸ்ல சீட்டுக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார். நான் நகர்ந்து உக்காந்துடுவேன். இரும்பு நகராது" என்றார். அந்த வடிவத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் எல்லோரும் அலுத்துப்போய், கூரைக்குக் குறுக்குக் குழாய்கள் சேர்த்து, வளைவுகளைத் தடிமனாக்கி, முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். பள்ளி திறந்து சில வாரங்கள் கழித்துத்தான் கூரை வந்தது. அவர் கேட்டது ஒரு சோதனை. நாங்கள் கொடுத்தது கூடுதல் இரும்பு.

கூரை தாமதமானதும், யார் தவறு செய்தது, பெயரைச் சொல்லுங்கள் என்று ஆலோசகர் கேட்டார். ஹெலன் அம்மையார் பெயரைச் சொல்லவில்லை. "பையன் போட்ட கணக்கு சரி. நாங்க அவனுக்குக் கொடுத்த கேள்விதான் அரைகுறை. கேள்வியைப் பாக்க வேண்டியது என் வேலை. என் பேரை எழுதிக்கோங்க" என்றார். அபினவ் இன்று இந்தக் கூடத்தில் நிற்பதற்கு அந்த வாக்கியம்தான் காரணம். இதை அபினவே என்னிடம் சொன்னார். கேசவ் சாரும் ஒத்துக்கொண்டார். இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. முதலில் வரைந்த கூரை நிஜமாகவே சாய்ந்திருக்குமா? யாருக்கும் தெரியாது. கூடுதல் இரும்பு போட்டுவிட்டதால் இனித் தெரியவும் வாய்ப்பில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போன ஹெலன் அம்மையாருக்கும் தெரியாது. ஹெர்பர்ட் சார், அவர் அழுத நாட்களில் அதுவும் ஒன்று என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் மைத்துனி வீட்டுக் கல்யாணத்தில்கூட அவர் முகம் தெளியவில்லை என்று சொன்னீர்கள்.

அந்தத் தைரியசாலி நோயில் விழுந்தபோதும் மாறவில்லை. மருத்துவர் வந்து, இந்தச் சிகிச்சைக்கு இத்தனை சதவீதம் பலன் உண்டு என்றாராம். "எத்தனை பேருக்குக் கொடுத்துப் பாத்து சொல்றீங்க டாக்டர்? அதுல என் வயசுக்காரங்க எத்தனை பேர்?" என்று கேட்டிருக்கிறார். மருத்துவர் போய்க் கோப்பைப் பார்த்துவிட்டு வந்து, உட்கார்ந்து, உண்மையைச் சொல்லியிருக்கிறார். அது நல்ல உண்மை இல்லை. ஆனாலும் அவர் அந்த மருத்துவருக்கு நன்றி சொன்னாராம். ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய மறுநாள், நான் கேசவ் சாரின் அறைக்குப் போனேன். ஹெர்பர்ட் சார் கேட்டதைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம், "அந்த டெஸ்ட்டை இப்ப செய்யலாம் சேகர். என்ன ஆனாலும் சரி, செய்யலாம்" என்றார். அபினவைக் கூப்பிட்டோம். ஹெலன் அம்மையாரிடம் பயின்று, இப்போது அவர் இடத்தில் இருக்கும் தாரணியையும் கூப்பிட்டோம். எங்கள் அலுவலகத்தின் பின்பக்கப் பட்டறையில், அன்று முதலில் வரைந்த அதே வளைவை, அதே விகிதத்தில், சிறிய அளவில் செய்தோம். குறுக்குக் குழாய் இல்லை. தடிமன் கூட்டவில்லை. எந்த வடிவத்தை அவர் வேண்டாம் என்றாரோ அதேதான்.

போன வாரம் அதை நிறுத்தினோம். மூட்டை ஏற்றுவதற்கு முன் வெள்ளைப் பலகையைப் பட்டறைக்கே தூக்கி வந்தோம். இந்தச் சின்ன வளைவு எவ்வளவு தாங்கும்? பாதியை வரைந்து போட்ட கணக்கு ஒரு பக்கம், முழுதாக வரைந்து போட்ட கணக்கு மறுபக்கம். எல்லோரும் எழுதினார்கள். கேசவ் சார் எழுதினார். நான் எழுதினேன். நான் என் பழைய கட்சியை விடவில்லை, உயரமாகத்தான் எழுதினேன். அபினவும் உயரமாகவே எழுதினார். "என் கணக்குக்கு ஒரு தடவையாவது நியாயம் கிடைக்கணும் சார், கிடைக்கலேன்னா நானே அடிச்சிடுறேன்" என்றார். கடைசியில் தாரணி, ஹெலன் அம்மையார் எப்படிக் கணக்குப் போடுவாரோ அதே முறையில் போட்டு, நிஜ இரும்பு கணினி இரும்பைப்போல அவ்வளவு நேராக இருக்காது என்று அவர் வழக்கமாகக் கழிப்பதையும் கழித்து, இதிலிருந்து இதுவரை என்று எழுதி, பக்கத்தில் 'ஹெலன் மேடம்' என்று பெயர் போட்டார்.

மணல் மூட்டைகளை இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டோம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ஒவ்வொரு மூட்டையையும் தராசில் நிறுத்தோம். அந்த வளைவு அசையாமல் நின்றது. இன்னும் ஏற்றினோம், நின்றது. எனக்கு உள்ளுக்குள் என்ன ஓடியது தெரியுமா? சாயவில்லை என்றால் ஹெர்பர்ட் சாரிடம் என்ன சொல்வேன் என்று ஓடியது. சாய்ந்துவிடு, சாய்ந்துவிடு என்று ஒரு இரும்பிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு பொறியாளன் அப்படி நினைக்கக்கூடாது. ஹெலன் அம்மையார் அருகில் இருந்திருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார்.

அப்புறம் அது நகர்ந்தது. சத்தம் இல்லை. இடது தோள் இறங்கியது, வலது தோள் எழும்பியது, மொத்த வளைவும் இடது பக்கமாகச் சரிந்து மூட்டைகளோடு மண்ணில் உட்கார்ந்தது. அப்போது ஏறியிருந்த பாரம், பாதியை வரைந்து போட்ட கணக்கு சொன்ன பாரத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். தாரணி எழுதிய எல்லைக்குள் இருந்தது. நடுவில் இல்லை, மேல் விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அதாவது ஹெலன் அம்மையார் கொஞ்சம் அதிகமாகவே பயந்திருக்கிறார். அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லியிருப்பார், குறித்துக்கொண்டோம்.

அபினவ் பலகைக்குப் போய்த் தன் வரியைத் தன் கையால் அடித்தார். அடித்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதார். கேசவ் சார் தன் வரியை அடித்தார். நான் என் வரியை அடித்தேன். பலகையில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது.

இந்த அவையில், கேசவ் சாரின் ஒப்புதலோடு, எங்கள் நிறுவனத்தின் சார்பில் ஒரு வாக்கு அளிக்கிறேன். சரிபார்ப்புப் பிரிவு தனியாகவே இருக்கும். அதன் தலைவராகத் தாரணி இருப்பார். கணக்குப் போட்டவரே கையெழுத்தும் போடும் வழக்கம் எங்களிடம் வராது. ஆண்டுதோறும் இந்த மாதத்தில், நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு வடிவத்தைச் செய்து, பாரம் ஏற்றிப் பார்ப்போம். ஒதுக்கியது சரியா தவறா என்று எங்களுக்கே தெரிய வேண்டும். தாரணி அம்மா, நான் உங்களிடம் தேதி கேட்டு வந்து நிற்பேன், கத்துவேன், அது என் பிழைப்பு. நீங்கள் நகரக்கூடாது. சரி என்று தெரியாதவரை நகராதீர்கள். வீட்டுக்குப் போய் அழவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் பட்டறைச் சாவியைக் கேளுங்கள். கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கியாயிற்று.

ஹெர்பர்ட் சார்,

நூறு உண்டா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்கூடக் கூரையின் மேல் அவ்வளவு பாரம் என்றைக்காவது வந்திருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று உங்கள் மனைவியின் பெயரால் சொல்லமாட்டேன். முதலில் வரைந்த கூரை, தாங்கும் என்று நாங்கள் சொன்ன பாரத்தைத் தாங்காது. அது மட்டும் தெரியும். உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர் உங்களிடம் கேட்ட நாளில், அவர் சொன்னது சரி. நீங்கள் அவரிடம் சொன்னதும் சரி.

ஒன்று உண்டு சார்.

சரிந்த வளைவை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. மூட்டைகளும் அப்படியே கிடக்கின்றன. நாளைக் காலை நானே வண்டி எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். என் பேச்சை நம்பாதீர்கள். வந்து உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.